கிளட்ச் பிளேட்டின் கதை: தோல், கல்நார், அதற்கப்புறம்



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நீங்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள். வொர்க்‌ஷாப், ஷெட் என்று வேலை செய்கிறவர்கள் கடைசி வரை கட்டாயம் படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மாணவன் ஒருவனிடமிருந்து போன். "சார், நசரத்பேட்டை மேம்பாலம் பக்கத்துல நிக்கிறேன். ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி போக மாட்டேங்குது. நம்பி விடற மாதிரி ஷெட் ஏதாவது தெரியுமா?" என்றான். முதல் நாள் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் காரை ஓட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறான். டர்போ வைத்த வேகமான கார். அது போதாதென்று இன்ஜின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி இழுவையைக் கூட்டி வைத்திருக்கிறான். நான் போனபோது பானெட்டுக்குக் கீழிருந்து தீய்ந்த நாற்றம் வந்துகொண்டிருந்தது. கிளட்ச் ஸ்லிப் ஆகும்போது வருகிற நாற்றம் அது. ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

எனக்குத் தெரிந்த ஷெட் வெளிவட்டச் சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அதை நடத்துகிற தம்பியின் அப்பாவும் என் மாணவர்தான். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் வரலாறு நடத்தியவன். ஆனாலும் கிளட்ச் என்ன செய்கிறது என்று நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் நிற்காது. சக்கரமோ நின்றுதான் கிளம்பும். சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் சட்டென்று சேர்த்தால் இன்ஜின் அணைந்துவிடும், இல்லையென்றால் பல் உடையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு கொஞ்ச நேரம் உரசி, வழுக்கி, பிறகு இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தட்டுதான் கிளட்ச் பிளேட். ஒருபக்கம் இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல், மறுபக்கம் வில்லின் பலத்தால் அழுத்தும் பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் அழுத்தம் விடுகிறது, காலை எடுத்தால் பிடிக்கிறது.

ஆகவே வழுக்குவது கிளட்ச்சின் வேலைதான். கிளம்பும்போது ஓரிரு நொடி வழுக்க வேண்டும். ஓடும்போதும் வழுக்கினால் அது நோய். நாலாவது, ஐந்தாவது கியரில் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் மீட்டரில் இன்ஜின் சுற்று மட்டும் ஏறும், வேகம் ஏறாது. முதல் கியரில் இது தெரியாமலேகூட இருக்கலாம். உயர் கியரில்தான் நோய் முதலில் தெரியும்.

இந்தப் பிரச்சினை கார் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் கிளட்ச் பிளேட் கிடையாது. தோல் பெல்ட் ஒன்று, சும்மா சுற்றும் கப்பியிலிருந்து இழுக்கும் கப்பிக்கு நகரும். நம்மூர்ப் பழைய ரைஸ் மில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மேலே நீண்ட தண்டு, அதிலிருந்து இறங்கும் பட்டை பெல்ட், அதை ஒரு கட்டையால் தள்ளி மெஷினை ஓடவிட்டு நிறுத்துவார்களே, அதே ஏற்பாடுதான். பெல்ட் வழுக்கினால் இழுவை போச்சு.

நம் சென்னைக்கு இதில் ஒரு சுவையான இடம் உண்டு. 1903-இல் மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். இந்தியாவில் கட்டிய முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். நீராவி வண்டிக்குக் கிளட்ச் தேவையில்லை. நிற்கும்போதே நீராவி பிஸ்டனைத் தள்ளும், வண்டி தானாக மெல்லக் கிளம்பும். இன்றைய மின்சாரக் காரும் அப்படித்தான், அதிலும் கிளட்ச் பெடல் இல்லை. நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் பெட்ரோலும் டீசலும் ஆண்டன. அந்தக் காலம் முழுவதும் மனிதன் இடது காலால் ஒரு தட்டோடு மல்லுக்கட்டினான்.

பெல்ட்டுக்குப் பிறகு வந்தது கூம்பு வடிவக் கிளட்ச். ஃப்ளைவீலில் ஒரு குழி, அதற்குள் பொருந்தும் ஒரு கூம்பு, கூம்பின்மேல் தோல் போர்த்தியிருக்கும். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடித்து வண்டி குதிக்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். அந்தக் கால ஓட்டுநர்கள் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். காய்ந்த தோலுக்கு எண்ணெய் தடவுவார்கள். வழுக்குகிற தோல்மேல் எண்ணெயை உறிஞ்சும் ஒரு மண்பொடியைத் தூவுவார்கள். அந்த மண் என்ன தெரியுமா? நம் பெண்கள் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மிட்டி வகைதான்! வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்று ஒருவர் இருந்தார். மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை அடித்து ஓட்டுவதைப் பார்த்து, 1897-இல் உராய்வுப் பொருள் ஆராய்ச்சியில் இறங்கினார் என்பார்கள். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் ஃபெரோடோ. இன்றும் மெக்கானிக் கடைகளில் கேட்கிற பெயர். மோட்டார் வாகனங்களின் சூட்டுக்குத் தோலும் பருத்தியும் தாங்கவில்லை. அப்போது கைக்கு வந்தது ஆஸ்பெஸ்டாஸ், தமிழில் கல்நார். கல்லிலிருந்து கிடைக்கிற நார். நெருப்பில் எரியாது, நூலாக நெய்யலாம், பிசினோடு சேர்த்து அழுத்தித் தட்டாக்கலாம், விலையும் மலிவு. பிரேக்கிலும் கிளட்ச்சிலும் முக்கால் நூற்றாண்டு அதன் ஆட்சிதான்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் போர்க், பெக் என்ற இருவர் ஒற்றைத் தட்டுக் கிளட்ச்சைச் சீராக்கினார்கள். இன்றைய கிளட்ச்சின் பாட்டன் அதுதான். 1928-இல் அவர்கள் கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து போர்க் வார்னர் ஆனது. அமெரிக்காவின் பெரிய கார் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-இல் ஜெயித்தவர் முகத்தைப் பொறிக்கிற வெள்ளிக் கோப்பைக்கு இந்தக் கம்பெனியின் பெயர்தான், 1936-இலிருந்து.

நம் ஊரில் கார் பந்தயம் என்றால் முதலில் சோழவரம். இரண்டாம் உலகப்போரின்போது போட்ட விமான ஓடுதளம், போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. கல்கத்தா சாலையில் பஸ் பிடித்துப் போய், வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அம்பாசிடர், ஃபியட், வண்டலூர் பக்கம் நம்மவர்கள் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் அங்கே ஓடின. ரோட்டில் ஓடுகிற காரைத்தான் பிரித்து மேய்ந்து பந்தயக் காராக்குவார்கள். விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார்.

இன்ஜினுக்கு மட்டும் பலம் ஏற்றினால் போதாது என்பதை அவர்கள் ஒவ்வொருவரும் கிளட்ச்சில்தான் கற்றிருப்பார்கள். கணக்கு எளிது. கிளட்ச் தாங்குகிற இழுவை நான்கு விஷயத்தைப் பொறுத்தது: வில் எவ்வளவு அழுத்துகிறது, தட்டின் மேற்பரப்பு எவ்வளவு உரசுகிறது, உரசும் வளையம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, எத்தனை முகங்கள் உரசுகின்றன. கார் கம்பெனி தன் இன்ஜினுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வைத்துக் கொடுக்கும். அந்த மிச்சத்தை இன்ஜின் சாப்பிட்டுவிட்டால் ஸ்லிப் ஆரம்பம். ஸ்லிப் ஆனால் சூடு. சூடு 250, 300 டிகிரியைத் தாண்டினால் சாதாரணத் தட்டின் உரசும் தன்மை குறையும், குறைந்தால் இன்னும் ஸ்லிப். கடன்மேல் கடன் வாங்குவது போலத்தான்.

பழைய சுருள்வில் கிளட்ச்சில் இன்னொரு சங்கடம். பிளேட் தேயத் தேய வில் தளர்ந்து அழுத்தமும் குறையும். இன்றைய கார்களில் வட்டத் தகடு போன்ற டயாஃப்ரம் வில் இருக்கிறது. பிளேட் தேய்ந்தாலும் அழுத்தத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும், பெடலும் இலேசு. நம்மில் பலர் முதன்முதலில் மாருதி 800-இல் கால் வைத்தபோது "என்னப்பா பஞ்சு மாதிரி இருக்கு!" என்றோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நம் வீட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. பாடியிலும் அம்பத்தூரிலும் மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. 1964-இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங் பிரேக் லைனிங்கோடு கிளட்ச் தட்டின் உராய்வு வளையங்களையும் செய்தது. சிம்சனை உள்ளடக்கிய அமால்கமேஷன்ஸ் குழுமம் ஆஸ்திரேலியாவின் ரெப்கோவோடு சேர்ந்து கிளட்ச் செய்ய இறங்கியது. 1966-இலும் 1967-இலும் ஃபார்முலா 1 பட்டம் வென்ற பிராபம் கார்களுக்கு இன்ஜின் கொடுத்த அதே ரெப்கோதான். கிளட்ச் வேண்டாத நீராவிக் காரைக் கட்டிய கம்பெனியின் குடும்பம் கடைசியில் கிளட்ச்சே செய்தது. வரலாறு இப்படித்தான் சுற்றி வரும்.

சோழவரத்துக்கு மாற்றாக கிளப் தன் சொந்த இடத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தடம் கட்டி 1990-இல் திறந்தது. நீளம் 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற மலிவான பந்தயக் காரை வடிவமைத்தார். பணக்காரர் விளையாட்டாக இருந்ததை நடுத்தர வீட்டுப் பையன்களும் தொட முடிந்தது அதனால்தான். 1995-இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். அதே கோவையிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்தக் கார்களின் கிளட்ச் கார்பன் தட்டுகளால் ஆனது, உள்ளங்கையளவுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள ஒரு பிடியை விரலால் இழுத்து இயக்குவார்கள்.

சரி, ஷெட்டுக்கு வருவோம். "கியர் பாக்ஸ் இறக்கணும் சார்" என்றார் தம்பி. கிளட்ச் வேலையில் முக்கால்வாசி அதுதான். பாட்டரி, ஏர் ஃபில்டர் டப்பா, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, இரண்டு பக்கத்துத் தண்டுகளையும் உருவி, இன்ஜினுக்கு முட்டுக்கொடுத்து, கியர் பாக்ஸை ஜாக்கியில் மெல்ல இறக்கினார்கள். பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் உள்ளே இருந்த பிளேட்டைப் பார்த்தேன். தட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ரிவெட் தலைக்கும் மேற்பரப்புக்கும் இடையே நகக்கீறல் அளவு இடைவெளிதான். 0.3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது என்று கணக்கு. ஃப்ளைவீலில் நீல நீலமாகச் சூட்டுத் தழும்பு.

அடுத்து அந்தத் தம்பி செய்தது என்னைப் பதற வைத்தது. கம்ப்ரசர் ஹோஸை எடுத்து, கூண்டுக்குள் படிந்திருந்த கறுப்புத் தூசியை ஊதப் போனார். "டேய் நிறுத்து" என்று கத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. "அப்பா எப்பவும் இப்படித்தான் சார் பண்ணுவாரு" என்றார்.

தெரியும். அவருடைய அப்பா எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். படிப்பு ஏறவில்லை, வீட்டில் கஷ்டம். "கைத்தொழில் கத்துக்கோடா, பசிக்காது" என்று சொல்லி, பூந்தமல்லியில் ஒரு ஷெட்டில் சேர்த்துவிட்டவனே நான்தான். சின்னப் பையன்களுக்கு அங்கே முதல் வேலை தூசி ஊதுவது. கிளட்ச் தூசி, பிரேக் டிரம் தூசி. ஊதி முடித்து வெளியே வந்தால் புருவமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். ஐம்பது தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடைசி இரண்டு வருஷம் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வேலை சொன்னார். பீடியும் பிடிப்பார், ஆகவே இன்னதால் என்று ஒன்றை மட்டும் நான் காட்டவில்லை. ஆனால் அவர் ஊதிய தூசியில் கல்நார் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அந்தக் காலத்துப் பிளேட் அப்படித்தான்.

கல்நார் தூசியும் நுரையீரல் உறையில் வரும் ஒரு அபூர்வப் புற்றுநோயும் தொடர்புள்ளவை என்று தென்னாப்பிரிக்காவின் சுரங்கப் பகுதியிலிருந்து வாக்னரும் உடன் பணியாற்றியவர்களும் 1960-இல் எழுதினார்கள். நோய் தலைகாட்ட 20 முதல் 40 வருஷம்கூட ஆகும். பதினைந்து வயதில் உள்ளே போன நார் ஐம்பதில் கணக்குக் கேட்கும். பிரிட்டன் 1999-இல் எல்லா வகைக் கல்நாரையும் தடைசெய்தது. நம் நாட்டில் வெள்ளைக் கல்நாருக்கு முழுத் தடை இல்லை, கூரைத் தகடாக இன்னும் விற்கிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புத் தந்தது. தொழிலாளியின் ஆரோக்கியம் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. கல்நார்த் தொழிலில் ஒருவர் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷமோ, விலகிய பிறகு 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை அவருடைய மருத்துவப் பதிவேட்டைக் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மூன்று பேர் வேலை செய்கிற சாலையோர ஷெட்டில் யார் பதிவேடு வைப்பார்கள்? என் மாணவருக்கு யாரும் வைக்கவில்லை. வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை நான் எழுதியதுதான் அவரைப் பற்றி இருந்த ஒரே பதிவேடாக இருக்கும்.

1903-ஐப் பற்றியும் 1953-ஐப் பற்றியும் பேசுகிறவன், 1960-ஐ அப்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? இந்த ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

இப்போது நல்ல கம்பெனிகள் கல்நார் இல்லாமல்தான் பிளேட் செய்கின்றன. கண்ணாடி இழை, 1965-இல் அமெரிக்காவில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்த கெவ்லர் வகை இழை, வேகக் கார்களுக்குச் செம்புக் கலவையும் பீங்கானும் சேர்ந்த பொத்தான்கள் என்று பல வந்துவிட்டன. ஆனால் பழைய வண்டியின் பிளேட்டிலும், பெயர் தெரியாத மலிவு டப்பாவிலும் என்ன இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. எந்தத் தூசியாக இருந்தாலும் நுரையீரலுக்கு அது சோறு இல்லை.

அன்று ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டார்கள். பத்து நிமிஷம்தான் அதிகமானது.

கார்க்காரப் பையனுக்கு ஆசை விடவில்லை. "பந்தயத்துக்குப் போடற பொத்தான் பிளேட்டே போட்டுடலாமா?" என்றான். மெக்கானிக் தம்பி சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "தடத்துல மட்டும் ஓட்டறதுன்னா போடலாம்ணே. கரையான்சாவடி, குமணன்சாவடி சிக்னல்ல நின்னு நின்னு கிளம்பினா வண்டி குதிரை மாதிரி குதிக்கும். கனமான வில் போட்டா முழங்கால் போயிடும்." கடைசியில் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தரும் பிரஷர் பிளேட், இழை கலந்த பிளேட், புது ரிலீஸ் பேரிங் என்று முடிவாயிற்று. ஃப்ளைவீல் இரட்டை அடுக்கு வகை. நீலம் பாய்ந்திருந்ததால் அதையும் மாற்றினார்கள். இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு சொட்டு கசிந்தாலும் புதுப் பிளேட் வீண். பிளேட்டை நடுமையத்தில் நிறுத்த அப்பா காலத்துப் பழைய கியர் பாக்ஸ் தண்டு ஒன்றை வைத்திருந்தார் தம்பி. அதைச் செருகி மையம் பார்த்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். பொருட்கள் வர இரண்டு நாள், வேலை ஒரு நாள்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். கார் வைத்திருப்பவர்களே, இன்ஜினுக்கு மட்டும் பலம் ஏற்றாதீர்கள். ஏற்றினால் கிளட்ச்சுக்கும் பணம் எடுத்து வையுங்கள். பெடல்மேல் காலை வைத்தபடி ஓட்டாதீர்கள், மேட்டில் ஹாஃப் கிளட்ச்சில் நிற்காதீர்கள். புதுப் பிளேட் போட்டால் முதல் 500, 800 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டிப் படியவிடுங்கள். ஷெட்டில் கியர் பாக்ஸ் இறக்கும்போது "ஊதாதீங்க தம்பி, துடைச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஷெட் நடத்துகிற என் பிள்ளைகளே, சின்னப் பையன்களுக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். தூசி வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். வேலை முடித்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். கல்நார் காலத்தில் வேலை பார்த்தவர்கள் மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போய், என்ன வேலை செய்தோம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

சோழவரம் பந்தயம் பார்த்தவர்கள், அந்தக் காலப் போட்டோ வைத்திருப்பவர்கள் கீழே போடுங்கள். எந்த வருஷம், யார் கார் என்று சேர்த்து எழுதுங்கள். தேதி இல்லாத போட்டோவை நான் ஏற்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்